இருபத்தெட்டரைச் சக்கரம்

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் ஒரு காலத்தில் கணக்கே மாறிவிடும். கிழக்கே பிரிட்டிஷ் திருநெல்வேலி. அங்கே அணாவும் பையும். மேற்கே திருவிதாங்கூர், இங்கே காசு, சக்கரம், பணம். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அப்படிப் பார்த்தால் ரூபாய்க்கு 28 சக்கரம் வரும். ஆனால் கையில் இருப்பது பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை விட்டுவிடாமல் எழுதுவதுதான் எங்கள் பாட்டாவின் வேலை. கோட்டாறு கம்போளத்தில் ஓர் அரிசிக் கடையில் அவர் கணக்கெழுதினார். கிழக்கேயிருந்து வந்தவர்களுக்கு ஒரு கணக்கு, உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே நாளில் இரண்டு நாட்டுப் பணமும் அவர் கைவழியாகப் போய்வந்தது.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. அதற்கும் பிறகு பிறந்தவன் நான். ஆனாலும் எங்கள் வீட்டில் சக்கரம் செத்துப்போகவில்லை. பழைய சொத்து ஆதாரங்களில் கொல்லம் ஆண்டும் பணக் கணக்கும் இருந்தன. பாட்டாவின் வெற்றிலைச் செல்லத்தின் அடித்தட்டில் சக்கரமே இருந்தது.

அதை அவர் ஒருநாள் பாயில் கவிழ்த்தார். சங்கு போட்ட செம்புக்காசுகள் சில, நடுவில் துளை விழுந்த ஓட்டைக் காலணா ஒன்று. அவற்றோடு, பார்த்தால் பணமென்றே தோன்றாத சின்னஞ்சிறு வெள்ளித் துணுக்குகள்.

“இது என்ன பாட்டா, மிளகு மாதிரி?”

“சக்கரம் மக்கா. வெள்ளிச் சக்கரம். செம்புச் சக்கரம் பின்னால வந்தது.”

“இத எப்படி எண்ணுவாங்க? கையில நிக்காதே.”

“யாரு எண்ணுனா? பலகையில கோரிப் போட்டு ஆட்டணும்.”

சக்கரப் பலகையை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பின்னாளில் கோட்டாற்றில் ஒரு பழைய வியாபாரியின் வீட்டில் கண்ணாலும் பார்த்தேன். பலா மரப் பலகை. மேலே வரிசை வரிசையாகக் குழிகள். ஒரு சக்கரம் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒவ்வொரு குழியும். ஒரு கைப்பிடிச் சக்கரத்தைக் கொட்டிப் பலகையை இப்படியும் அப்படியும் அசைத்தால் குழிக்கு ஒன்றாக விழுந்துவிடும். மிச்சத்தைக் கையால் வழித்துத் தள்ள வேண்டியதுதான். பலகையில் எத்தனை குழியோ அத்தனை சக்கரம். அரை கிராம்கூட எடையில்லாத அந்தக் காசை ஒவ்வொன்றாக எண்ணினால் கோவில் உண்டியலுக்கோ கஜானாவுக்கோ பொழுது போதாது. எண்ணாமலே எண்ணுகிற அந்தக் கருவியைச் செய்த தச்சனை நினைத்து இப்போதும் எனக்கு வியப்புத் தீரவில்லை. காசு சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை பிறந்தது காசைப் பார்த்து அல்ல, பலகையைப் பற்றிக் கேட்டதால்தான். ஒரு காசு எப்படி எண்ணப்பட்டது, எதற்கு மாறியது, யார் கையில் புழங்கியது என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஓர் ஊரே நிற்கிறது.

வகுப்பில் அப்போது பலருக்கும் காசுப் பைத்தியம் இருந்தது. குமரி மாவட்டத்தில் வளைகுடா வேலைக்குப் போகாத தெரு குறைவு. சித்தப்பாமாரும் மாமன்மாரும் லீவுக்கு வரும்போது சட்டைப் பையில் மிஞ்சிய பில்சும் ஹலாலாவும் பிள்ளைகளுக்கு வந்து சேரும். எங்களுக்குள் பண்டமாற்று நடக்கும்: ஒரு பக்ரைன் காசுக்கு இரண்டு இலங்கைக் காசு என்ற கணக்கில். தொடக்கக்காரர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. உலகம் பெரியது என்று முதலில் தெரிவது நல்லதுதான். ஆனால் எல்லா நாட்டுக் காசையும் சேர்க்கிறவன் எந்த நாட்டையும் படிக்க நேரமில்லாமல் போகிறான். டப்பா நிறைகிறது, அதில் இருப்பதைப் பற்றிச் சொல்ல இரண்டு வரிகூட இருப்பதில்லை.

எனக்கு வழிகாட்டியவர் எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கஜானா ஊழியர். டிரெஷரி மாமா என்று கூப்பிடுவோம். பாட்டாவின் சக்கரங்களை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அவற்றைப் பார்த்துவிட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னார். பிறகு வேறொன்று கேட்டார்.

“இன்னைக்குக் கடைக்குப் போனியா? மிச்சக் காசு எங்க?”

கொடுத்தேன். ஆண்டு எண்ணுக்குக் கீழே பார் என்றார். அதுவரை நான் பார்த்திராத இடம் அது. ஒரு காசில் சின்ன வைரக் கட்டம். அது பம்பாய் நாணயச் சாலையில் அடித்தது. ஒன்றில் நட்சத்திரம், அது ஹைதராபாத், நிஜாம் அரசு நடத்திய பழைய சாலை. ஒன்றில் எந்தக் குறியும் இல்லை; அது கல்கத்தா. 1988-இல் நொய்டா சாலை தொடங்கிய பிறகு ஒரு சிறு புள்ளியும் சேர்ந்துகொண்டது. உளுந்து வாங்கின மிச்சத்தில் இந்தியாவின் மூன்று மூலைகள் என் உள்ளங்கையில் கிடந்தன. பைசாச் செலவில்லாமல் ஒரு சேகரிப்பைத் தொடங்கலாம் என்று அன்று தெரிந்தது. புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் சட்டைப் பையில் கிடப்பதை முதலில் வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. மளிகைக் கடையில் பத்துப் பைசாவுக்குப் பதில் ஒரு மிட்டாயைக் கையில் வைப்பார்கள். அந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு வெளிநாட்டுச் சாலைகளில் காசு அடித்து வாங்கியது. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசு சிலவற்றில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில ‘எச்’ எழுத்து இருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஹீட்டன் சாலையில் அடித்தது அது. அந்த ரூபாய் எனக்கு ஒரு பஸ் கண்டக்டரிடமிருந்து வந்தது. மிட்டாய் கொடுத்த கடைக்காரரின் கஷ்டமும் பர்மிங்ஹாம் எந்திரமும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று மாமா சொல்லித் தந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வரலாற்றுப் பாடம் அதற்கு முன் அப்படி ஒருநாளும் என்னைத் தொட்டதில்லை.

எதைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை வீட்டிலேயே இருந்தது. திருவிதாங்கூர்ச் செம்புக்காசு, அது மட்டும். காசு, 4 காசு, 8 காசு, சக்கரம். மூலம் திருநாள் ராமவர்மா 1885 முதல் 1924 வரை ஆண்டார். அவர் காலத்துக் காசில் ‘ஆர்.வி.’ என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக் கிடக்கும், மறுபக்கம் சங்கு. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராமவர்மா காலத்தில் எழுத்துகள் ‘பி.ஆர்.வி.’ என்று மூன்றாகும். சக்கரத்தில் அவர் முகமே வந்தது. ஆண்டு இருந்தால் கொல்லம் ஆண்டாக இருக்கும். 1114 என்று கண்டதும் சிலர் சோழர் காலம் என்று நினைத்து விலையை ஏற்றுவார்கள். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குவது. 1114 என்றால் 1938 ஆவணி முதல் 1939 ஆடி வரை. எங்கள் வீட்டு ஆதாரங்களைப் பார்த்துப் பழகியிருந்ததால் இந்தக் கூட்டல் எனக்கு எளிதாக வந்தது.

காசு கிடைத்த இடம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை. பழைய செம்பு, பித்தளை, வெண்கலத்தை எடைக்கு எடுப்பார்கள். ஓட்டைக் குடமும் உடைந்த குத்துவிளக்கும் வந்து விழும் சாக்குகளின் அடியில் காசுகளும் கிடக்கும். வீட்டில் ஒரு பெரியவர் காலமானதும் மச்சை ஒழித்துக் கொண்டுவந்து போட்டவை. கடை அண்ணாச்சி செம்பு விலைக்கே கொடுப்பார், சாக்கைக் கிளறவும் விடுவார். நல்ல மனிதர். ஆனால் நான் கிளறாத சாக்குகள் அப்படியே உருக்குப் பட்டறைக்குப் போயின. திருவிதாங்கூரின் சில்லறையில் எவ்வளவு பகுதி இன்று குடமாகவும் கிண்டியாகவும் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிச் சக்கரத்தின் கதியும் அதுதான். தட்டான் உலைக்குப் போய்க் கொலுசாகிவிட்டது. பழங்காசு என்றால் கோவிலில் புதைந்த பொற்குவியல் என்று நாம் நினைக்கிறோம். ஏழையின் மடியில் இருந்த காசைத்தான் யாரும் காப்பாற்றி வைக்கவில்லை.

அந்தச் சாக்கிலிருந்து ஒருநாள் தடித்த செம்புக்காசு ஒன்று வந்தது. சங்கு இல்லை. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கேடயம். 1808 என்ற ஆண்டு தடவினால்தான் தெரியும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அடியில் ரோமன் எழுத்தில் 20 காசு. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்காக அடித்தது. ஆரல்வாய்மொழி வழியாக எப்போதோ எங்கள் பக்கம் நடந்து வந்துவிட்டிருக்கிறது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ சாலையில் நீராவி எந்திரம் அடித்த காசு இது. அதே காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அவற்றை மேலே எடுத்தார்கள். கடலுக்குள் பீப்பாய்களில் அடைந்து கிடந்தவற்றில் பல இன்றும் புதுக் கருக்கோடு இருக்கின்றன.

பிற்பாடு அந்தக் கப்பல் காசு ஒன்றையும் வாங்கினேன். சிங்கத்தின் பிடரி மயிர்கூடத் தெரிகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கப்பல் காசைத்தான் கையில் எடுப்பார்கள். சந்தையிலும் அதற்குத்தான் விலை. எனக்குத் தேய்ந்த காசுதான் பெரிது. கப்பல் காசு ஒரு படி உப்புகூட வாங்கியதில்லை. தேய்ந்தது எத்தனை மடியில் முடிந்து கிடந்ததோ, எத்தனை சந்தை பார்த்ததோ. தேய்மானத்தைக் குறையாக மட்டும் பார்க்கும் தர வரிசை வியாபாரத்துக்குச் சரி. தொடங்குகிறவர் அதை வேதமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தேய்மானம் வேறு, தேய்ப்பது வேறு. பாத்திரக் கடையிலிருந்து கொண்டுவந்த காசுகளைப் பார்த்ததும் அம்மா புளியைக் கரைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குகிற கை அது, கறுப்பைப் பார்த்தால் சும்மா இருக்காது. நல்லவேளையாக மாமா திண்ணையில் இருந்தார்.

“போடாதீங்க அம்மா. விளக்குக்குப் புளி போடலாம். காசுக்கு அது தோலை உரிக்கிற மாதிரி.”

செம்பின் மேல் ஆண்டுக்கணக்கில் படியும் பழுப்பு நிறம் அழுக்கல்ல. உலோகம் காற்றோடு கூடி உண்டாக்கிக்கொண்ட மேற்பூச்சு. அடியில் இருப்பதை அது காக்கவும் செய்கிறது. புளியின் காடி அதை அரித்துவிட்டால் செம்பு இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும், நுணுக்கமான கோடுகள் மழுங்கும். பிறகு எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் பழைய நிறம் அதே போல் திரும்பாது. வாங்குகிறவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பச்சைக் களிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து பரவினால் மட்டும் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவிட்டு, துடைக்காமல் ஒற்றி எடுத்து உலர்த்தலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. மழை மாதங்களில் ஈரமும் உண்டு. விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், விரல் வேர்வை செம்பில் ரேகையாகவே பதிந்துவிடும். கடையில் கிடைக்கும் மலிவான பி.வி.சி. உறைகள் நாளாக ஆகப் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைக் கெடுக்கும். அட்டைச் சட்டம் நல்லது. ஒன்றும் இல்லையென்றால் தனித்தனிக் காகித உறை போதும்.

வெள்ளி ரூபாய் என் வழியில் பெரிதாக வரவில்லை, ஆனாலும் அதைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ராணி ரூபாய் இல்லாத பழைய வீடு குறைவு. 1835-இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் கொண்டுவந்தது: எடை 180 குன்றிமணியல்ல, 180 கிரெயின், இன்றைய கணக்கில் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் என்று முகம் மாறினாலும் அந்த எடையும் தரமும் மாறவில்லை. போர்க்காலத்தில், 1940-இல், வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் புலி போட்ட ரூபாய் முழு நிக்கல், காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஒரு சின்னத் தராசும் ஒரு காந்தமும் இருந்தால் மோசமான போலிகளில் பாதியை அங்கேயே கழித்துவிடலாம். மீதியைக் கண்டுபிடிக்க நல்ல காசை நிறையப் பார்த்துப் பழகுவதைத் தவிர வழியில்லை. அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்காது, ஓரத்தில் மெல்லிய பொருத்துக்கோடு தெரியும்.

இன்னொரு வகையைப் போலி என்றுகூடச் சொல்ல முடியாது, அசலே இல்லாததால். ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒரு பக்கம், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, 1818, அரை அணா என்று மறுபக்கம். கோவில் வாசல்களிலும் சுற்றுலாத் தலங்களிலும் இவற்றைக் குவித்து வைத்து விற்கிறார்கள். கம்பெனி இப்படி ஒரு காசை ஒருநாளும் அடித்ததில்லை. பூஜையில் வைக்க ஒருவர் வாங்கினால் அது அவர் நம்பிக்கை. ஆனால் அதைக் கோடி ரூபாய்ப் பொருள் என்று சொல்லி, அரிசியை இழுக்கும் இரிடியம் காசு என்று கதைகட்டி, வீட்டையும் நகையையும் விற்க வைத்த மோசடிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ நடந்துவிட்டன. எந்தச் செம்பும் அரிசியை இழுக்காது. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்று வரும் செய்தியும் இதே குடும்பம்தான். முன்பணம் கட்டச் சொல்கிற இடத்தில் நாணயம் என்ற சொல்லுக்கே இடமில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பழங்காசின் மேல் பிள்ளைகளுக்கு வரும் முதல் ஆர்வத்தை இந்தப் பேராசைக் கதைகள்தான் கெடுக்கின்றன.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம் எனக்குப் பள்ளியானது. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செம்புக்காசை அங்கேதான் நின்று பார்த்தேன். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த காசை எண்பதுகளில் அடையாளம் கண்டு எழுதியவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பாட்டில் மட்டும் இருந்த பெயர்கள் உலோகத்தில் கிடைத்தது அவரைப் போன்ற சேகரிப்பாளர்களின் கண்ணால். கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்தும் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் வந்தன. ஆனால் எங்கிருந்து, எந்த அடுக்கிலிருந்து, எதனோடு சேர்ந்து வந்தது என்ற விவரம் பெரும்பாலும் ஆற்றோடு போய்விட்டது. நிலத்திலிருந்து புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அது அரசு பிடுங்கிக்கொள்ளும் வழி என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. ராஜராஜன் காசு இன்று வியாபாரிகளிடம் எளிதாகவே கிடைக்கிறது: நிற்கும் உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அவன் பெயரும் மறுபக்கம். வாங்கினால் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். விடை வந்தால் உடனே எழுதி வையுங்கள்.

எழுதி வைப்பது என்றதும் நோட்டு நினைவுக்கு வருகிறது. மாமா எனக்கு முதலில் வாங்கித் தந்தது காசல்ல, கோடு போட்ட நோட்டு. எடை, நிறம், ஆண்டு, கிடைத்த இடம், கொடுத்த விலை, கொடுத்தவர் சொன்ன கதை, இவ்வளவும் அதில் வர வேண்டும். பாட்டா சொன்ன 28½ கணக்கும் சக்கரப் பலகையின் விவரமும் அதன் முதல் பக்கங்களில் இருக்கின்றன. அவர் போன பிறகு அந்தக் கணக்கை வாயால் சொல்ல எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இப்போது நோட்டு எழுதுகிறவள் என் தங்கை மகள். அவளுக்குச் சங்கும் சக்கரமும் பிடிக்கும்; ஆனால் அவள் எடுத்துக்கொண்டது பத்து ரூபாய்க் காசு. தமிழ்நாட்டில் பல கடைகளில் பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று திருப்பிக் கொடுத்த காலத்தில் தொடங்கினாள். பின்பக்கம் பத்துக் கதிர் இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி என்று ஒரு வதந்தி. ரூபாய்க் குறி வருவதற்கு முன் அடித்தவற்றில் பதினைந்து கதிர், வந்த பின் அடித்தவற்றில் பத்து, இவ்வளவுதான் விஷயம். அதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. கடைக்காரர்கள் கேட்கவில்லை. அவள் கல்லாவில் தேங்கிக் கிடந்த காசுகளை நோட்டுக் கொடுத்து வாங்கினாள். 14 வடிவத்தையும் சாலைக் குறிவாரியாகப் பிரிக்க வேண்டும் என்பது திட்டம்.

போன மாதம் அவளோடு ஒரு காய்கறிக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி ஒரு டப்பாவைக் கவிழ்த்து, “எல்லாத்தையும் எடுத்துக்க பாப்பா, இங்க ஓடாது” என்றார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பிறகு ஒரு காசை அவர் முன் நீட்டி, “இது ஹைதராபாத், நட்சத்திரம் பாருங்க, இது செல்லும்” என்றாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அந்தக் காசைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதியில் வேறு நட்சத்திரம் இருக்கிறதா என்று அவரே தேட ஆரம்பித்தார்.